புத்தி சொல்லாத ஆலோசகர்: வாவிக்கரைக்கு உளவளத்துணை வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன தவணை செட்டிபாளையத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. "சேர், எங்கட புள்ளைய அந்தக் கவுன்சிலிங் மிஸ்கிட்ட மூணு தரம் கூட்டிட்டுப் போன நான். அவ ஒண்டும் சொல்றா இல்ல. சும்மா கேட்டுக்கிட்டு இரிக்கா. இதுக்கா அவக்குச் சம்பளம்?"

கேள்வி நியாயமானது. ஆலோசனை என்று பெயர் வைத்துவிட்டு ஆலோசனை சொல்லாமல் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மிஸ் சும்மா இருக்கவில்லை. அவர் செய்தது பழகிப் படித்த ஒரு வேலை. அந்த வேலைக்கு 80 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு கிளை எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் ஓடுகிறது.

முதலில் எங்கள் ஊர்களை எடுத்துக்கொள்வோம். பிரச்சினையைக் கேட்க ஆள் இல்லை என்ற நிலை இங்கே இருந்ததே இல்லை. தமிழ் ஊர்களில் கோயிலுக்கு வண்ணக்கர்மார், எங்கள் ஊர்களில் பள்ளிவாசலுக்கு மரைக்காயர்மார். இரண்டு பக்கமும் தாய்வழிக் குடி முறைதான், குடிக்கு ஒருவர் என்று வருவார்கள். காணித் தகராறு, சீதனத் தகராறு, கணவன் மனைவி சண்டை எல்லாம் அவர்கள் முன்னால் போகும். கேட்பார்கள், பொறுமையாகவே கேட்பார்கள். ஆனால் அந்தக் கேட்டலின் முடிவில் ஒரு தீர்ப்பு வரும். யார் சரி, யார் பிழை, யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். அது ஊரைக் கட்டிக்காத்த முறை, அதில் எனக்குக் குறை இல்லை.

மனசு சரியில்லை என்றால் வேறு வழிகள். எங்கள் வீடுகளில் ஓதிப் பார்ப்பார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், நூல் கட்டுவார்கள். தமிழ் வீடுகளில் கட்டாடியாரிடம் போவார்கள், அம்மன் கோயில் சடங்கில் தெய்வமாடுபவரிடம் வாக்குக் கேட்பார்கள். இங்கேயும் முடிவில் ஒரு சொல் வரும், அது மேலிருந்து வரும். கேட்டவர் தானாகத் தன் மனதைத் திறந்து பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வருவது என்பது இந்த எந்த இடத்திலும் முறையாக இருந்ததில்லை.

அது உலகத்தில் வேறு எங்கும்கூடப் பெரிதாக இருக்கவில்லை. அமெரிக்காவில் இதை ஒரு முறையாக ஆக்கியவர் கார்ல் ரொஜர்ஸ். 1902இல் சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஓக் பார்க் என்ற இடத்தில், மிகக் கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் விவசாயம் படித்தார், பிறகு பாதிரியாராகலாம் என்று நினைத்தார், கடைசியில் உளவியலுக்கு வந்தார். 1928 முதல் ரொச்செஸ்டர் நகரத்தில் சிக்கலான பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் பார்க்கும் வேலை. அப்போது அவரும் எல்லோரையும் போலத்தான். ஆராய்வார், காரணத்தைக் கண்டுபிடிப்பார், எடுத்துச் சொல்வார்.

ஒரு தாய் வந்தார். மகன் பெரிய குழப்படிக்காரன். தாய் அவனைச் சின்ன வயதிலேயே மனதால் ஒதுக்கிவிட்டார் என்பதுதான் காரணம் என்று ரொஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பல தடவை சந்தித்து, மெதுவாக, பக்குவமாக அதை அந்தத் தாய்க்கு விளங்கப்படுத்தப் பார்த்தார். முடியவில்லை. "எங்களால் முடிந்ததைச் செய்தோம், இத்துடன் நிறுத்திக்கொள்வோம்" என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். தாய் எழும்பிக் கதவு வரைக்கும் போனார். திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை கொடுப்பீர்களா என்று கேட்டார். கொடுப்போம் என்றதும் வந்து உட்கார்ந்து, தன் திருமணத்தைப் பற்றி, தான் தோற்றுப்போன மாதிரி உணர்வதைப் பற்றிக் கொட்டத் தொடங்கினார். இதுவரை சொன்ன ஒழுங்கான 'கேஸ் விபரம்' மாதிரி இல்லை அது. ரொஜர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டார். அந்த வழியிலேயே தொடர்ந்தார்கள். தாயும் தேறினார், மகனும் திருந்தினான்.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். 1940 டிசம்பர் 11ஆம் திகதி மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதை ஒரு பேச்சாக வைத்தார். அந்த நாளைத்தான் இந்த முறையின் பிறந்த நாள் என்று அவர் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். 1942இல் வந்த புத்தகத்தில் இன்னொரு புதுமை: ஒருவருடன் நடந்த முழுச் சந்திப்புகளையும் ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதுவரை அந்த மூடிய அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. ஒரு ஆசிரியனாக எனக்கு இதுதான் பெரிய விசயமாகப் படுகிறது. தன் வகுப்பைப் பதிவு செய்து மற்றவர்களுக்குக் காட்ட எங்களில் எத்தனை பேர் தயார்?

வந்தவரை அவர் 'நோயாளி' என்று சொல்வதை விட்டார். இலங்கைத் தமிழில் அதற்கு 'துணைநாடி' என்று ஒரு அழகான சொல் வந்திருக்கிறது, துணை நாடி வந்தவர். பிறகு 1957இல் எழுதிய கட்டுரையில், ஒருவரின் மனம் மாறுவதற்கு என்னென்ன இருந்தால் போதும் என்று 6 நிபந்தனைகள் சொன்னார். அவற்றில் மூன்று உளவளத்துணையாளர் சம்பந்தப்பட்டவை. எங்கள் நாட்டில் இந்தப் பயிற்சி எடுத்த யாரைக் கேட்டாலும் அந்த மூன்றையும் ஒப்புவிப்பார்கள். வேசம் போடாமல் இருப்பது, நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்வது, அடுத்தவர் இடத்தில் நின்று உணர்வது.

சொல்ல இலகு. ஒரு பிள்ளை வந்து, "வாப்பா வெளிநாட்டிலிருந்து வந்ததிலிருந்து எனக்கு வீட்டுக்குப் போக விருப்பமில்லை சேர்" என்று சொன்னால் எங்கள் வாயில் முதலில் என்ன வரும்? "அப்படிச் சொல்லக்கூடாது மகள். வாப்பா உங்களுக்காகத்தானே அங்கே வெயிலில் கஷ்டப்பட்டார்." சொன்னது உண்மைதான். ஆனால் பிள்ளை அதோடு வாயை மூடிவிடும். வாப்பா குடிக்கிறாரா, அடிக்கிறாரா, அல்லது 7 வருடம் காணாத ஒரு மனிதர் திடீரென்று வீட்டில் உட்கார்ந்திருப்பது பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கிறதா, எதுவும் எங்களுக்குத் தெரிய வராது. "வீட்டுக்குப் போகிற நேரம் வந்தால் மனசு பாரமாகிறது போல" என்று மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் பொறுத்திருந்தால், அடுத்த வசனத்தைப் பிள்ளையே சொல்லும். உடனே வராது. சில நேரம் மூன்றாவது சந்திப்பிலும் வராது. (சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்வதுதான் இந்த முறை என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்கள். ரொஜர்ஸுக்கு அது பெரிய மனவருத்தம்.)

இது வெள்ளைக்காரனின் சரக்கு, எங்களுக்குச் சரிவராது என்று சொல்பவர்கள் இரண்டு சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். தன் கணவனைப் பற்றி முறையிட வந்த கவ்லா என்ற பெண்ணின் பேச்சை அல்லாஹ் கேட்டான் என்றுதான் குர்ஆனின் 58ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. சட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. தமிழ் நண்பர்களுக்கு, கீதையின் முதல் அத்தியாயத்தில் கண்ணன் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அர்ஜுனன் உடைந்துபோய்ப் பேசி முடிக்கும்வரை கேட்கிறார். உபதேசம் பிறகு. நாங்கள்தான் முதல் பாதியைத் தாண்டிவிட்டு நேராக உபதேசத்துக்கு ஓடுகிறோம்.

இனி எங்கள் வாவிக்கரை. இந்தக் 'கேட்கும்' தொழில் இங்கே வேரூன்றிய காலம், பேசுவதே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலம்.

1990ஐ எழுதாமல் இதை எழுத முடியாது. ஜூலையில் குருக்கள்மடத்தில் பயணிகளைப் புலிகள் மறித்தார்கள். ஹஜ் முடித்து ஊர் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். கொண்டுபோனவர்கள் திரும்பி வரவில்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூர். அதே ஓகஸ்ட்டில் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஊர்காவல் படையினரின் பங்கைப் பற்றி எங்கள் பக்கத்தில் வாய் திறப்பது குறைவு. செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 184 பேர், குழந்தைகள் உட்பட.

இந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும்? மகனைக் காணாத தாய் யாரிடம் போய்க் கதைப்பது? அடுத்த வீட்டில் கதைத்தால் அது எந்த முகாமுக்குப் போகும் என்று தெரியாது. பட்ரீஷியா லோரன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 90களில் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்தார். காணாமல் போனவர்களின் தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமாடுபவர்களிடம்தான் போனார்கள் என்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். உயிரோடு இருக்கிறானா, எந்தத் திசையில் இருக்கிறான் என்று கேட்பார்கள். தெய்வமாடுபவர் அந்தத் தாயின் வலியைத் தன் உடம்பில் வாங்கி அழுவார், சித்திரவதைப்பட்டவனின் வலியைக்கூட. பகிரங்கமாக அழ முடியாத ஊரில் அழுவதற்கு இருந்த இடம் அதுதான். எங்கள் ஊர்களில் அந்த இடம் தொழுகை விரிப்பு. மார்க்கத்தின் பெயரால் நாங்கள் எங்கள் பெண்களுக்குப் 'பொறுமை' என்ற ஒரு சொல்லைக் கொடுத்தோம். அது நல்ல சொல். ஆனால் சில வீடுகளில் அது வாயில் வைத்த துணி மாதிரியும் ஆகிவிட்டது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

இதற்கு நடுவில்தான் இயேசு சபைத் துறவியான வணபிதா போல் சற்குணநாயகம் மட்டக்களப்பு நகரில் உளவளத்துணைக்கென்று ஒரு நிலையத்தை நடத்தினார். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1996இல் கனடாக் கலைஞர் போல் ஹோகனுடன் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார். எங்கள் வயதுக்காரர் பலருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவந்தார்கள், ஒரே தோட்டத்துக்குள். களிமண், நிறம், கதை, பாட்டு, நாடகம். உனக்கு என்ன நடந்தது என்று பிள்ளையை உட்காரவைத்து விசாரிப்பது அங்கே வழி இல்லை. பிள்ளைக்குத் தோன்றும்போது அது களிமண்ணில் வரும், கதையில் வரும். வராமலும் போகலாம்.

ரொஜர்ஸின் வழியில் வந்த வேர்ஜினியா அக்ஸ்லைன் என்ற பெண்மணி 1947இல் பிள்ளைகளின் விளையாட்டுச் சிகிச்சை பற்றி எழுதிய புத்தகத்திலும் இதுதான் அடிப்படை. பிள்ளை முன்னால் போகும், பெரியவர் பின்னால் போவார். பூங்கா அவரைப் பார்த்துச் செய்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன என்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு முஸ்லிம் தாய் தன் பிள்ளையைத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதும், ஒரு தமிழ்த் தாய் அப்படியே அனுப்புவதும் சின்ன விசயம் இல்லை. மாவட்டத்தில் எத்தனையோ சமாதானக் கூட்டங்கள் நடந்தன, தேநீரும் வடையும் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஒரே களிமண்ணைப் பிசைந்தது அவற்றை எல்லாம் விடப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

பிறகு 2004 டிசம்பர் 26. நாவலடி, கல்லடி, காத்தான்குடிக் கரை, கல்லாறு, தெற்கே மருதமுனை, சாய்ந்தமருது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். அடுத்த கிழமைகளில் 'கவுன்சிலிங்' என்ற சொல் இங்கே வீட்டுக்கு வீடு தெரிய வந்தது, ஆனால் கெட்ட பெயரோடு. கேள்விக்கொத்தோடு வந்தார்கள், என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். அடுத்த நாள் இன்னொரு நிறுவனம் அதே கேள்வியோடு வந்தது. சொல்ல விரும்பாதவரைச் சொல்ல வைப்பது காயத்தைக் கிண்டுவது. 2007இல் சர்வதேச நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில், அனர்த்தம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ரொஜர்ஸ் 60 வருடத்துக்கு முன்னமே சொன்னது, வந்தவர்தான் வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்று.

ரொஜர்ஸுக்குத் தெரியாததும் இருந்தது. அவர் தனி மனிதனை நடுவில் வைத்தார். இங்கே மனசு தனி ஆளுக்குள் மட்டும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் யுத்தத்தின் காயத்தைக் 'கூட்டு மனவடு' என்றே பார்க்கிறார். குடும்பம், ஊர், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து காயப்படுகிறது என்கிறார். சுனாமிக்குப் பிறகு காயத்திரி பெர்னாண்டோ என்ற இலங்கை உளவியலாளரும் இதே பக்கம்தான் கை காட்டினார். எங்கள் மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும்போது உள்ளே என்ன வலிக்கிறது என்பதை விட, யாருடனான உறவு அறுந்தது, ஊருக்குள் தன் இடம் என்ன ஆனது என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே இங்கே ஒரு நல்ல உளவளத்துணையாளர், தனியறையில் கேட்பதோடு அந்த உம்மாவையும் அம்மம்மாவையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறார்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை, தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால். இந்தத் தொழிலுக்கு எங்களிடம் மூன்று பெயர் ஓடுகிறது. ஆற்றுப்படுத்தல், சீர்மியம், உளவளத்துணை. சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றால், பரிசு பெற்று வந்த ஒருவர் இன்னொருவருக்கு 'இந்த வழியால் போ' என்று காட்டுவது. அதில் வழி தெரிந்தவர் நாங்கள். சீர்மியத்தில் சீராக்குவது நாங்கள். உளவளத்துணையில் வளம் வந்தவருடைய உள்ளத்திலேயே இருக்கிறது, நாங்கள் துணை மட்டும். அரசாங்கக் கடிதத் தலைப்பில் இந்தச் சொல்லைப் போட்டவர் யார் என்றாலும் அவர் கை வாழ்க.

ரொஜர்ஸ் கடைசிக் காலத்தில் தனியறையை விட்டு வெளியே வந்தார். 1972இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்திலிருந்து கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தருமாக ஒரு சின்னக் குழுவை ஒரு வார இறுதி முழுவதும் ஒன்றாக உட்கார வைத்தார். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. தீர்மானம் எதுவும் நிறைவேற்றவில்லை. யார் தொடங்கினார்கள் என்று விசாரிக்கவும் இல்லை. ஒருவர் தன் வலியைச் சொல்வார், மற்றவர் கேட்பார். அதில் ஒருவர், தன் உணர்ச்சிக்கும் தனக்கும் நடுவில் ஒரு இரும்பு ஷட்டர் இறங்கிவிட்டது என்றார். அந்தச் சந்திப்பைப் பற்றிய ஆவணப்படத்துக்கு அதுவே பெயரானது. பெல்பாஸ்டில் அதனால் சண்டை நிற்கவில்லை. அந்த அறைக்குள் நிறையப் பேச்சு நடந்தது, அவ்வளவுதான். 1987இல் ரொஜர்ஸ் இறக்கும்வரை இப்படிப் பிளவுபட்ட இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார், தென்னாபிரிக்கா வரைக்கும்.

காத்தான்குடியிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போகும்போது குருக்கள்மடம் தாண்டித்தான் செட்டிபாளையம் வருகிறது. எங்கள் பக்கத்து மூத்தவர்கள் அந்த இடத்தில் இன்னும் வாயசைத்து ஓதுவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் இருக்கும் தமிழ் ஐயா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அவருக்கும் ஒரு செப்டம்பர் இருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் ஷட்டர் இறங்கியிருக்கிறது. குருக்கள்மடத்தின் உறவுகள் களுவாஞ்சிகுடி நீதிமன்றத்தை நாடியிருக்கிறார்கள். எலும்புகள் எங்கே என்பது சட்டத்தின் வேலை, அது நடக்கட்டும், நடக்க வேண்டும். 'உங்களுக்கும்தானே நடந்தது', 'நீங்களும்தானே செய்தீர்கள்' என்ற பதில் இல்லாமல் ஒருவர் கதையை மற்றவர் ஒரு முறை கேட்பது நீதிமன்றத்தில் நடக்காது. அதற்கு வேறு இடம் வேண்டும், எங்களிடம் இன்னும் அது இல்லை.

பாடசாலைகளுக்கு வருவோம். வழிகாட்டலும் ஆலோசனையும் என்று அறை இருக்கிறது, பொறுப்பாசிரியர் இருக்கிறார். பல இடங்களில் அந்த அறை தண்டனைக்கு முந்தின படி மாதிரி ஆகிவிட்டது. "இவனக் கவுன்சிலிங்குக்கு அனுப்புங்க" என்றால் "இவனுக்கு நாலு புத்தி சொல்லுங்க" என்று அர்த்தம். அறையின் கதவு அலுவலகத்துக்குள் திறக்கும், பிள்ளை அழுதால் பியோன் அண்ணன் வரைக்கும் தெரியும். இரண்டாம் மணிக்கு வகுப்பில் நோட்டு எழுதவில்லை என்று அடித்த அதே ஆசிரியர் நான்காம் மணிக்கு நிபந்தனையில்லாமல் ஏற்க வேண்டும். நடக்கிற காரியமா? இந்த வேலைக்கு வேறாக ஆள் வேண்டும், வேறாக அறை வேண்டும், பிள்ளை சொன்னது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்தில் மதில் கட்டவும் நுழைவாயில் வளைவு கட்டவும் காசு சேர்க்கிற நாங்கள் இதைக் கேட்டதே இல்லை.

எல்லாவற்றுக்கும் கேட்டல் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காதில் குரல் கேட்கிறது என்பவருக்கு, நாட்கணக்காக நித்திரை இல்லாதவருக்கு, ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவும் மருந்தும் வேண்டும். ரொஜர்ஸே விஸ்கொன்சினில் கடும் மனநோயாளர்களுடன் தன் முறையைச் சோதித்துப் பார்த்தார், எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. 'இருக்கவே பிடிக்கவில்லை' என்ற சொல் யார் வாயில் வந்தாலும் அதைப் பகிடியாக எடுக்காதீர்கள். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று, ஒரு இலட்சம் பேருக்கு 47 அளவில். மோசமான கிருமிநாசினிகளைத் தடை செய்த பிறகு பத்து வருடத்தில் அது பாதியானது. சட்டத்தால் பாதி குறைந்தது. மிச்சப் பாதிக்கு வீட்டில் யாராவது கேட்க வேண்டும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது, இன்னும் மூன்று தரம் கூட்டிப் போங்கள், வீட்டுக்கு வரும் வழியில் மிஸ் என்ன கேட்டா என்று பிள்ளையிடம் விசாரிக்காதீர்கள் என்பதுதான்.

தேவைப்படுகிறவர்களுக்கு: பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள், காசு இல்லை. தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் 1929. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள், பெயர் போடாமல் வேண்டுமானாலும்.